டீப் பர்ப்பிளைக் கேட்கத் தொடங்குவது எப்படி: ஐந்து இருக்கைகள், பதினைந்து பேர்

1968-இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டில் உருவான டீப் பர்ப்பிள், நடுவில் எட்டு ஆண்டுகள் கலைந்திருந்து, மீண்டும் கூடி, இன்று வரை மேடையேறிக்கொண்டிருக்கும் ராக் இசைக்குழு. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டார் மெட்டைக் குழுவின் பெயர் தெரியாதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்; கிட்டார் வகுப்பில் சேரும் பிள்ளைகள் ஆசிரியர் சொல்லித் தருவதற்கு முன்பே தாமாக வாசித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான். அந்த ஒரு பாட்டைத் தாண்டி உள்ளே போக நினைப்பவர்தான் திணறுகிறார். இருபதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஆல்பங்களும், அவற்றை விட அதிகமான மேடைப் பதிவுகளும், எண்ணி முடியாத தொகுப்புகளும் வந்து நிற்க, ஒரு பதிவில் பாடியவர் அடுத்ததில் இல்லை, போனவர் பத்தாண்டு கழித்துத் திரும்பி வருகிறார் என்று ஆள் கணக்கே குழப்புகிறது. எந்த வரிசையில், எதைக் கவனித்துக் கேட்டால் இந்தக் குழப்பம் தெளியும் என்பதைப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு தாளில் ஐந்து கட்டங்கள்

எதையும் கேட்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, பாடகர், கிட்டார், ஆர்கன், பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்று ஐந்து கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான இந்தக் குழுவின் வரலாறு முழுவதும் இந்த ஐந்து இருக்கைகளில் யார் வந்து அமர்ந்தார், யார் எழுந்து போனார் என்பதில் அடங்கிவிடும். டிரம்ஸ் கட்டத்தில் ஒரே பெயர்: இயன் பைஸ். 1968 முதல் இன்று வரை அவர் மட்டுமே மாறாதவர். ஆர்கனில் இரண்டு பெயர்கள், ஜான் லார்டும் டான் ஏரியும். பேஸ் கிட்டாரில் நிக் சிம்பர், ராஜர் குளோவர், கிளென் ஹ்யூஸ் என மூவர். பாடகர்களாக ராட் எவன்ஸ், இயன் கில்லன், டேவிட் கவர்டேல், ஜோ லின் டர்னர் என நால்வர். கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், டாமி போலின், ஜோ சாட்ரியானி, ஸ்டீவ் மோர்ஸ், சைமன் மெக்பிரைடு என ஐவர். மொத்தம் பதினைந்து பேர்.

ரசிகர்கள் ஒவ்வொரு கூட்டணிக்கும் வரிசையாக எண் கொடுத்து மார்க் 1, மார்க் 2 என்று அழைக்கிறார்கள். எங்கு படித்தாலும் இந்த எண்கள் கண்ணில் படும் என்பதால் அவற்றையும் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. 1968–69 மார்க் 1. கில்லனும் குளோவரும் வந்த 1969–73 மார்க் 2. கவர்டேலும் ஹ்யூஸும் வந்த 1973–75 மார்க் 3. போலின் இருந்த 1975–76 மார்க் 4. 1984-இல் மீண்டும் கூடியது மார்க் 2-இன் அதே ஐவர்தான். அதற்குப் பிறகுள்ள எண்களைக் கேட்டுக்கொண்டே போகும்போது நிரப்பிக்கொள்ளலாம்.

யார் இசையமைப்பாளர் என்ற கேள்வி

திரைப்பாடல்களில் வளர்ந்த நம் காது, பாட்டைக் கேட்டதும் இசையமைப்பாளர் யார் என்று கேட்கும். பாடகர் மாறினாலும் இசையமைப்பாளரின் கைவண்ணம் மாறாது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ராக் இசைக்குழுவில் அப்படித் தனியாக ஒருவர் கிடையாது. வாசிப்பவர்களும் பாடுபவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, வாசித்து வாசித்துப் பாட்டை உருவாக்குகிறார்கள். மார்க் 2 காலத்தில் ஏறத்தாழ எல்லாப் பாடல்களும் ஐந்து பேர் பெயரிலும் சமமாகவே பதிவாயின. ஆகவே இங்கே பாடகர் போய் வேறொருவர் வந்தால் குரலோடு பாட்டு எழுதப்படும் விதமும் மாறிவிடுகிறது. கிட்டார் கலைஞர் போனால் மெட்டுகளின் ஊற்றே இடம் மாறுகிறது. ஆள் மாற்றத்தை வெறும் வம்பாகப் படிக்காமல் இசையின் காரணமாகப் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இங்கிருந்து தொடங்குங்கள்: மெஷின் ஹெட்

ஆண்டு வரிசைப்படி முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குவது முறையானதாகத் தோன்றும். அப்படித் தொடங்கியவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. தொடங்க வேண்டிய இடம் 1972 மார்ச்சில் வெளிவந்த ‘மெஷின் ஹெட்’. ஏழே பாடல்கள், நாற்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

அது பதிவான கதை தெரிந்திருந்தால் பாட்டுகள் இன்னும் நெருக்கமாகும். 1971 டிசம்பரில் குழுவினர் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மான்ட்ரூ நகருக்கு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்த கேசினோ அரங்கில் பதிவு செய்வதாக ஏற்பாடு. டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது பார்வையாளர் ஒருவர் கூரையை நோக்கிச் சமிக்ஞைத் துப்பாக்கியால் சுட, கட்டடம் முழுவதும் எரிந்து போனது. ஏரியின் மேல் புகை பரவியதை ஓட்டலிலிருந்து பார்த்ததுதான் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ஆனது. அடுத்துப் பிடித்த அரங்கில் இரைச்சல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் காவல்துறையிடம் போனார்கள். கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டலின் நடைபாதையில் மெத்தைகளை அடுக்கி எதிரொலியைக் குறைத்துப் பதிவை முடித்தார்கள். வாசித்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமானால் அறைகளையும் பால்கனிகளையும் கடந்து வெளியே நின்ற வண்டிக்குப் போக வேண்டியிருந்ததால், சில நாட்களில் போய்க் கேட்பதையே விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்கள். அந்த ஆல்பத்தில் தெரியும் அவசரமான உயிர்ப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் மூன்று முறை கேளுங்கள். முதலில் கிட்டார் தனியாக அந்த மெட்டை வாசிக்கும். பிளாக்மோர் அதைப் பிக் (தந்தி மீட்டும் சிறு வில்லை) கொண்டு மீட்டாமல் விரல்களால் இரண்டிரண்டு தந்திகளாகப் பறித்து வாசிக்கிறார். அடுத்து டிரம்ஸின் ஹை-ஹாட் சிம்பல் மெல்லத் தாளம் சேர்க்க, அதே மெட்டை ஆர்கனும் வாசிக்கத் தொடங்கும். பிறகு டிரம்ஸ் முழுமையாக வரும், அதன் பின் பேஸ் இறங்கும். கேட்பவர்களில் பாதிப் பேர் முழுவதும் கிட்டார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஜான் லார்டு தம் ஹம்மண்ட் ஆர்கனை வழக்கமான ஒலிபெருக்கியில் கொடுக்காமல் கிட்டாருக்கு உரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் கொடுத்ததால், ஆர்கனும் கிட்டாரைப் போலவே கரகரத்து உறுமுகிறது. இந்தக் குழுவின் அடையாள ஒலி அதுதான். கிட்டாரையும் ஆர்கனையும் காது தனித்தனியாகப் பிரித்தறியப் பழகிவிட்டால், மற்ற ஆல்பங்களுக்கான சாவி கைக்கு வந்துவிட்டது.

அடுத்து ‘ஹைவே ஸ்டார்’. முதலில் ஆர்கன் தனி ஆவர்த்தனம், சற்று நேரம் கழித்துக் கிட்டார் தனி ஆவர்த்தனம். இரண்டிலும் பாக் போன்ற ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர்களின் சாயல் தெளிவாகத் தெரியும். ‘லேஸி’ ஆர்கனின் தனி முன்னுரையோடு தொடங்கி ப்ளூஸாக விரிகிறது. ‘நெவர் பிஃபோர்’ பாட்டைத் தனி இசைத்தட்டாக முதலில் வெளியிட்டு அதன் மீது நம்பிக்கை வைத்திருந்தார்கள். ஆல்பத்தில் மற்றவற்றோடு ஒப்பிட்டால் அதுதான் மெலிந்த பாட்டு.

அதே பாடல்கள், மேடையில்

மெஷின் ஹெட் ஓரளவு மனப்பாடமான பிறகே ‘மேட் இன் ஜப்பான்’ பக்கம் போக வேண்டும்; அதற்கு முன் போனால் அதன் பெருமை பாதிதான் புரியும். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17 அன்று டோக்கியோ புடோகானிலும் பதிவானது. ஜப்பானிய நிறுவனம் கேட்டதற்காகப் பெரிய ஆர்வம் இல்லாமல் ஒப்புக்கொண்ட இந்தப் பதிவு, ராக் இசையின் மேடைப் பதிவுகளில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுவதாக ஆகிவிட்டது. இதிலுள்ள ஏழு பாடல்களில் நான்கு மெஷின் ஹெட்டில் வந்தவை என்பதால் ஒப்பிட்டுக் கேட்பது எளிது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஸ்டுடியோவில் நான்கரை நிமிடம் வரும் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ இங்கே இருபது நிமிடத்தை நெருங்குகிறது. பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாமல், அதன் பிறகு ஆர்கனும் கிட்டாரும் எங்கெல்லாம் அலைகின்றன, அவ்வளவு அலைச்சலிலும் பைஸின் கை எப்படித் தரையை விட்டுவிடாமல் பிடித்திருக்கிறது என்று அவரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’ பாட்டில் பிளாக்மோர் வாசிக்கும் சிறு சிறு துண்டுகளைக் கில்லன் குரலில் திருப்பித் தருவார்; கச்சேரிகளில் பாடகரும் வயலின் வித்வானும் மாறி மாறி ஸ்வரம் போடுவதைக் கேட்டு ரசித்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபட்டுவிடும்.

இப்போது பின்னோக்கி

மார்க் 2 எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்று பார்க்க 1970-இன் ‘இன் ராக்’ ஆல்பத்துக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய மூன்று ஆல்பங்கள் மார்க் 1 உருவாக்கியவை. ராட் எவன்ஸின் மென்மையான குரலில் வந்த ‘ஹஷ்’ 1968-இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் பிடித்தது. சொந்த நாட்டிலோ யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கனமான இசைக்குப் போக விரும்பிய பிளாக்மோரும் லார்டும் பைஸும், ‘எபிசோட் சிக்ஸ்’ என்ற குழுவிலிருந்து கில்லனையும் குளோவரையும் அழைத்து வந்தார்கள். பழைய இருவருக்கும் தெரியாமல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் புதியவர்களோடு ஒத்திகையும், வெளியே பழையவர்களோடு நிகழ்ச்சிகளும் சில வாரங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. இதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் ‘இன் ராக்’கைக் கேட்டவர்கள் அந்த முடிவை இசைக் கணக்கில் தவறென்று சொல்வதும் கடினம்.

அதே 1969-இல் செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மால்கம் ஆர்னால்டு நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஜான் லார்டு எழுதிய கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் நீண்ட செவ்வியல் இசை வடிவம்) குழு வாசித்தது. இதைப் புதியவர்கள் பிற்பாடு கேட்டால் போதும். ஆனால் அதற்குப் பின் நடந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. அந்தப் படைப்பின் இசைக் குறிப்புத் தாள்கள் 1970-இல் தொலைந்துவிட்டன. பல ஆண்டுகள் கழித்து மார்கோ டி கோய் என்ற டச்சு இசையமைப்பாளர், பழைய ஒலிப்பதிவையும் படப்பதிவையும் திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தும் ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் மீண்டும் எழுதினார். அதைக் கொண்டு 1999-இல் அதே அரங்கில் மீண்டும் வாசித்தார்கள்.

ஆர்கெஸ்ட்ராவின் பெயரால் குழு அறியப்பட்டுவிடுமோ என்ற எரிச்சலில் பிளாக்மோர் இருந்த நேரத்தில் பிறந்தது ‘இன் ராக்’. ‘ஸ்பீட் கிங்’ முதல் கணத்திலேயே அந்த எரிச்சலைக் காட்டிவிடுகிறது. பத்து நிமிடம் ஓடும் ‘சைல்ட் இன் டைம்’ ஆர்கனில் மெல்லத் தொடங்கி, கில்லனின் குரல் வார்த்தைகளைக் கைவிட்டு வெறும் ஓலமாக உச்சிக்கு ஏறும் வரை போகிறது. அதன் அடிப்படை மெட்டு ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ என்ற சான் ஃபிரான்சிஸ்கோக் குழுவின் ‘பாம்பே காலிங்’ என்ற வாத்திய இசையிலிருந்து எடுக்கப்பட்டது. ‘இன் ராக்’குக்கும் மெஷின் ஹெட்டுக்கும் இடையில் வந்த ‘ஃபயர்பால்’ ஆல்பத்தில் தலைப்புப் பாட்டையும் ‘தி மியூல்’ பாட்டையும் முதலில் கேட்டுவிட்டு மற்றவற்றை நிதானமாகக் கேட்கலாம்.

பாடகர் போன பிறகு

புதியவர்களில் பெரும்பாலோர் நின்றுவிடும் இடம் இது. இடைவிடாத பயணங்களாலும் பிளாக்மோருடன் ஏற்பட்ட உரசலாலும் 1973 ஜூனில் கில்லன் விலகினார், குளோவரும் வெளியேறினார். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களில் கிளென் ஹ்யூஸ், ‘ட்ரபீஸ்’ குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டே பாடியவர். டேவிட் கவர்டேல், வட இங்கிலாந்தின் ரெட்கார் ஊரில் துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர். வெளியே யாருக்கும் தெரியாதவர்.

1974 பிப்ரவரியில் வந்த ‘பர்ன்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் போடுங்கள். ஒரு குரலின் இடத்தில் இப்போது இரண்டு குரல்கள்: கவர்டேலின் கனத்த குரல் ஒரு பகுதியைப் பாட, ஹ்யூஸின் உயர்ந்த குரல் அடுத்த பகுதியை வாங்கிக்கொள்கிறது. பைஸ் பாட்டு முழுவதும் தனி ஆவர்த்தனம் செய்கிறாரோ என்று தோன்றும் அளவுக்கு இடைவிடாமல் உருட்டுகிறார். ‘மிஸ்ட்ரீட்டட்’ பாட்டில் கவர்டேல் மட்டும். கில்லனின் கூச்சலை எதிர்பார்த்து வந்தவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். இரண்டாம் முறை, அந்த எதிர்பார்ப்பை ஒதுக்கிவிட்டுக் கேட்க வேண்டும். என் கணிப்பில் இந்தக் குழுவின் மூன்று சிறந்த ஆல்பங்களில் ‘பர்ன்’ ஒன்று.

அதே ஆண்டின் இறுதியில் வந்த ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ ஹ்யூஸின் விருப்பப்படி ஃபங்க், சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகைகளின் பக்கம் சாய்ந்தது. அது பிடிக்காத பிளாக்மோர் 1975-இல் விலகி ‘ரெயின்போ’ குழுவைத் தொடங்கினார். கிட்டார் இருக்கைக்கு வந்த அமெரிக்கர் டாமி போலினுடன் வெளியான ‘கம் டேஸ்ட் தி பேண்ட்’ நல்ல ஆல்பம்தான்; ஆனால் அதை டீப் பர்ப்பிள் என்று கேட்பதைவிட ஐந்து திறமைசாலிகளின் புதிய முயற்சி என்று கேட்டால் கூடுதலாக ரசிக்க முடியும். போலினின் போதைப் பழக்கமும் மேடையில் அவர் தடுமாறியதும் சேர்ந்து, 1976 மார்ச்சில் லிவர்பூல் நிகழ்ச்சியோடு குழு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போலின் தம் இருபத்தைந்தாம் வயதில் மயாமியில் இறந்தார்.

ஒரு எச்சரிக்கை

1980 என்று தேதியிட்ட டீப் பர்ப்பிள் மேடைப் பதிவு ஏதேனும் கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள். அந்த ஆண்டு ராட் எவன்ஸை மட்டும் முன்னிறுத்தி, மற்ற நால்வரும் குழுவோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களாக, டீப் பர்ப்பிள் பெயரில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. வழக்கு நடந்தது, 6,72,000 டாலர் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பானது. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, ஆள் மாறிக்கொண்டே இருக்கும் குழுக்களில் எத்தனை விலையுள்ளது என்பதற்கு இது நல்ல சான்று.

1984 முதல்: தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டிய பகுதி

மார்க் 2-இன் ஐவரும் மீண்டும் கூடி 1984-இல் வெளியிட்ட ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ கட்டாயம் கேட்க வேண்டியது. தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் ஆர்கன் தனியாக எழும் அந்தச் சில நொடிகளில், எட்டு ஆண்டு இடைவெளி இருந்ததாகவே தோன்றாது. அதற்குப் பிறகு வந்த மூன்று ஆல்பங்களை அவசரப்பட்டுக் கேட்கத் தேவையில்லை. கில்லன் 1989-இல் வெளியேற்றப்பட்டார். ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னர் வந்து ஒரே ஆல்பம் பாடினார், அதைக் கேட்டால் ரெயின்போ போலத்தான் இருக்கும். கில்லன் திரும்பி வந்ததும் பிளாக்மோர் 1993 நவம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே, ஹெல்சிங்கி நிகழ்ச்சிக்குப் பின் நிரந்தரமாக விலகினார். மீதி நிகழ்ச்சிகளுக்கு ஜோ சாட்ரியானி கைகொடுத்தார்.

ஸ்டீவ் மோர்ஸ் 1994-இல் சேர்ந்தார். பிளாக்மோர் இல்லாத டீப் பர்ப்பிள் இல்லை என்று அடித்துச் சொல்லும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் 1996-இன் ‘பர்பெண்டிக்குலர்’ ஆல்பத்திலிருந்து ‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்’ பாட்டைக் கொடுத்துப் பார்க்கலாம். கிட்டாரின் குணம் முற்றிலும் வேறு, பாட்டின் அமைப்பு வேறு. இருந்தும் இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தவர் மோர்ஸ்தான். மொத்தக் காலத்தைக் கூட்டினால் பிளாக்மோரைவிட அதிகம். 2016-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோது எட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் மோர்ஸ் இல்லை, முதல் மூன்று ஆல்பங்களில் வாசித்த நிக் சிம்பரும் இல்லை.

2002-இல் ஜான் லார்டு தாமாக விலகியது நான் மேலே சொன்ன அடையாள ஒலிக்கே வந்த சோதனை. அவர் இடத்துக்கு வந்த டான் ஏரி, ரெயின்போவில் வாசித்தவர். ஹம்மண்ட் ஆர்கனின் அந்த உறுமலைக் கைவிடாமல் காப்பாற்றினார். லார்டு 2012 ஜூலையில் மறைந்தார். அவருக்குக் காணிக்கையாக்கிய ‘நவ் வாட்’ ஆல்பம் 2013-இல் பாப் எஸ்ரின் தயாரிப்பில் வந்தது. பிற்கால ஆல்பங்களில் ஒன்றே ஒன்று கேட்க நேரமிருந்தால் அதைக் கேளுங்கள். மனைவியின் உடல்நலக் குறைவு காரணமாக மோர்ஸ் 2022-இல் விலக, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த சைமன் மெக்பிரைடு வந்தார். அவரோடு 2024-இல் வெளியான ‘=1’ மீண்டும் குட்டையான, நேரடியான பாடல்களுக்குத் திரும்பியிருக்கிறது.

எந்தப் பதிப்பைக் கேட்பது

செயலிகளில் ஒரே ஆல்பம் நான்கைந்து வடிவங்களில் கிடைக்கும். முதலில் பழைய கலவையையே, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் முதலில் சேர்த்து வெளியிட்ட வடிவத்தையே கேளுங்கள். ஆண்டு நிறைவுப் பதிப்புகளில் குளோவரும் பிறரும் புதிதாகக் கலந்த வடிவங்கள் பின்னர் ஒப்பிடுவதற்கு உதவும். மெஷின் ஹெட்டின் 2024 பதிப்பைப் புதிதாகக் கலந்தவர் ட்வீசில் ஜாப்பா, அதாவது கேசினோ எரிந்த அன்று மேடையில் இருந்த ஃபிராங்க் ஜாப்பாவின் மகன். சிறந்த பாடல்கள் என்ற பெயரில் வரும் தொகுப்புகளைத் தவிர்ப்பது நல்லது. அவை வெவ்வேறு கூட்டணிகளின் பாடல்களைக் கலந்து அடுக்குவதால், தாளில் போட்ட ஐந்து கட்டங்கள் பயனில்லாமல் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் ஆர்வம் குறையாதவர்கள் வெளியேறியவர்களின் வழியில் போகலாம். பிளாக்மோருக்கு ரெயின்போவின் 1976 ஆல்பமான ‘ரைசிங்’. கவர்டேலுக்கு, லார்டும் பைஸும் சேர்ந்து வாசித்த தொடக்க கால ‘ஒயிட்ஸ்நேக்’ ஆல்பங்கள். போலினுக்கு, டிரம்ஸ் கலைஞர் பில்லி காபமின் 1973 ஆல்பமான ‘ஸ்பெக்ட்ரம்’. அதில் போலின் வாசித்ததைக் கேட்டுத்தான் டீப் பர்ப்பிள் அவரை அழைத்தது என்பதால், ‘கம் டேஸ்ட் தி பேண்ட்’ கேட்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.